மட்டமான நடிகன்

“முப்பது வருஷமா முதலாளிக்குப் பேனா பிடிக்கிறவன். வேற என்னத்தை எழுதுவான்?” என்றேன்.

ஸிக்னே பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வேகமாக நடந்தாள்.

டென்மார்க்கின் எஸ்பியெர்க் துறைமுக வேலைநிறுத்தத்தை ஒன்பது நாளும் கூடவே இருந்து படமாக்கியவள் அவள். நேற்று முதல் காட்சி. இன்று காலை முதலாளிப் பத்திரிகையில் தோருப்பின் விமர்சனம்.

‘முழுக்க ஜோடனை. தொழிலாளி வேஷத்தில் கூலி நடிகர்கள். கருங்காலிகள் வந்த கப்பலின் கயிற்றைக் கோடரியால் வெட்டுகிறவன் இருப்பதிலேயே மட்டமான நடிகன்.’

வெட்டியவன் எங்கள் சங்கத்து ஐனார். அசல் கோடரி, அசல் கயிறு. யார் வெட்டியது என்று போலீஸ் இன்னும் தேடுகிறது. தேடட்டுமே! அந்த வீரத்தை ஊர் பார்க்க வேண்டாமா?

தோருப் மீன்சந்தைப் பக்கத்துக் காபிக் கடையில், ரொட்டி மேல் ஹெர்ரிங் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஆளையாவது நான் நடிக்க வச்சேனா? சொல்லுங்க!” ஸிக்னே பத்திரிகையை அவர் தட்டிலேயே வீசினாள்.

“மெதுவா. மீனாவது நல்லாருக்கட்டும்.”

“நாளைக்கு எங்க சங்கப் பத்திரிகையில நான் எழுதறேன், ‘ஒவ்வொரு முகமும் நிஜம்’னு. வெட்டினவன் பேரோட!” கட்டுரை இருந்த சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “பேரோடவா? அச்சுக்குப் போயிடுச்சா?”

“மத்தியானம் போகும். ஏன், பயமா இருக்கா?”

“இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “நேத்து எனக்குப் பக்கத்து சீட்டு யாரு தெரியுமா? கப்பல் கம்பெனி வக்கீல். படம் பூரா குறட்டை. கோடரிச் சத்தத்துல முழிச்சிக்கிட்டு, ‘யாருய்யா அது?’ன்னார். ‘கோபன்ஹேகன்லேர்ந்து வந்த நாடக நடிகன், சுத்த மட்டம்’னேன். வாயால சொன்னதை எழுத்துலயும் சொன்னாத்தானே நம்புவார்?”

ஸிக்னே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தட்டில் கிடந்த பத்திரிகையை எடுத்து மடித்தபடி கேட்டாள்.

“படம்... பிடிச்சிருந்ததா?”

“போலீஸ் கேஸை மூடட்டும். அப்புறம் எழுதறேன்.”

மத்தியானம் அச்சகத்தில் உட்கார்ந்து என் கட்டுரையைக் கிழித்தேன். புதிதாக எழுதும்போது, வாழ்நாளில் முதல்முறையாக, முதலாளிப் பத்திரிகையின் வரியை வார்த்தை மாறாமல் காப்பியடித்தேன்: ‘இருப்பதிலேயே மட்டமான நடிகன்.’