சும்மா தந்த சிப்பாய்

"சும்மாதானே தாறன், எடுங்கோ முத்தண்ணை" என்று மீராசாகிபு சிரித்தார்.

சும்மா தருகிறவன் எவனையும் சுடலைமுத்துவுக்குப் பிடிக்காது. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வாய்க்கு நேரே வைக்கிறவனை நம்பவே கூடாது. ஆனாலும் எடுத்தார். ஆசை விடவில்லை.

பதினைந்தாவது நகர்த்தலில் அவருடைய ராசா மூச்சுவிட இடமில்லாமல் மூலையில் நின்றது. இந்த ஒரு கிழமைக்குள் இது மூன்றாவது தோல்வி.

மீராசாகிபு புத்தளத்தில் இருந்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்த வருஷம், குதிரை எப்படித் தாண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே சுடலைமுத்துதான். பன்னிரண்டு வருஷமாகச் சுடலைமுத்து வீட்டு இதே விறாந்தையில் அவரிடம் தோற்ற மனுசன். அதுவும் சந்தோஷமாகத் தோற்ற மனுசன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒரு ஆள். பேர் சொல்லமாட்டனெண்டு வாக்குக் குடுத்திட்டன்."

தங்கம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தபடி நின்றாள். "வெளிச்சத்த மறைக்காம போ!" என்று மனைவி மேல் பாய்ந்தார் சுடலைமுத்து.

அவள் முற்றத்துக்கு இறங்கி, கூட்டுக்குள் போகாமல் போக்குக் காட்டிய கோழிக்கு ஒரு பிடி அரிசி எறிந்தாள். கோழி கொத்தக் குனிந்ததும் காலைப் பிடித்துவிட்டாள்.

"ராஜரத்தினம் வாத்திதானே?" சுடலைமுத்துவுக்கு அந்தப் பெயரைச் சொல்லவே வயிறு எரிந்தது. ஓய்வுபெற்ற அந்த வாத்தியார் அலுமாரி நிறையச் செஸ் போட்டிகளில் வென்ற கிண்ணங்கள் வைத்திருக்கிறார். "என்கிட்ட படிச்சிட்டு அவன்கிட்ட போயிட்டியே மீரா. அவன் வீட்டுத் தேத்தண்ணி அவ்வளவு இனிக்குதா?"

"நாளைக்குப் பின்னேரம் என்ர வீட்ட வாங்கோ. ஆளையே காட்டுறன்."

"வாத்தியா இருந்தா, இனிமே இந்தப் படி ஏறாத."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தி காயைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல, மீராசாகிபு தலையாட்டுவதே கண்ணுக்குள் நின்றது. மறுநாள் பின்னேரம் தையல் வேலை இருக்கிறது என்று தங்கம்மா வழக்கம்போல வெளிக்கிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மீராசாகிபுவின் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலில் ஏறினார். நினைத்தது சரி. முன்னறையில், செஸ் பலகைக்கு முன்னால், ராஜரத்தினம் வாத்தியார்.

"பிடிச்சிட்டேன்! என் ஆளை எனக்கு எதிரா ஏவி விட்டது நீதானா?"

மீராசாகிபுவின் மனைவி ஜெமீலா தையல் மெசினை நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் முகத்து வேர்வையைத் துடைத்தார். அவருடைய ராசா பலகையில் கவிழ்ந்து கிடந்தது.

"நான் ஒருத்தருக்கும் படிப்பிக்கேல்லை ஐயா. அந்தச் சிப்பாயை நானும் எடுத்திட்டன்" என்று சொல்லிக் கதிரையை விட்டு எழும்பினார்.

சுடலைமுத்து வாசலிலேயே நின்றார். கதவு மறைத்திருந்த எதிர்க் கதிரையில் இருந்து, கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, காய்களை மறுபடி அடுக்கியது.

"வெளிச்சத்த மறைக்காம உக்காருங்க" என்றாள் தங்கம்மா.