விழுந்த மரத்தடியில் மீன்

மீன் அங்கே இல்லை. கரைக்கு வந்து நின்ற உடனேயே றொசாந்திக்குத் தெரிந்துவிட்டது.

கிருசாந்தனோ மறுபடியும் குளத்தின் நட்ட நடுவுக்கே தூண்டிலை வீசினான். தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மீன் என்ன, குட்மேய்ஸ் பூங்காவின் தாரா வாத்துகளே எழும்பி ஓடின.

"யூடியூப்பில பாத்துப் பழகினது. பெரிசா ஒண்டும் வராது," என்றான். காது நுனி சிவந்திருந்தது.

பெண் பார்க்க வந்தவன் அவன். "பிள்ளையள் வெளியில போய்க் கதைக்கட்டும்" என்று பெரியவர்கள் அனுப்பிவைத்தார்கள். அவன் கார் டிக்கியைத் திறந்து தூண்டிலை எடுத்ததும் அவனுடைய தாயின் முகம் கறுத்துவிட்டது. வந்த இடத்தில் இதென்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்திருப்பார்.

றொசாந்தியின் தாய் லூர்தம்மா காலையிலேயே பாடம் எடுத்திருந்தாள். அப்பா மன்னாரில் மீன்பிடித் திணைக்களத்தில் வேலை செய்தவர். கடலுக்குப் போனவர் என்று வாய் தவறியும் வந்துவிடக் கூடாது.

பாவம் அப்பா. இத்தனை வருஷம் கடலில் கிடந்து காய்ந்த மனிதர், லண்டனில் ஒரே காலையில் அரசாங்க உத்தியோகத்தர் ஆகிவிட்டார். தேத்தண்ணி கொடுக்கும்போது லூர்தம்மா அந்தத் திணைக்களத்தை இரண்டு தரம் சொல்லியும்விட்டாள்.

என்ன செய்வது? கலியாணம் பேசுகிறவர்கள் இங்கேயும் முதலில் ஊர் கேட்பார்கள். பிறகு பங்குக் கோயில் கேட்பார்கள். கரையோரத்து ஆட்கள், வலை இழுத்தவர்கள் என்று தெரிந்த பிறகு ஒன்றுமே கேட்கமாட்டார்கள். போனும் வராது.

இரண்டு இடம் அப்படித்தான் போனது. போனால் போகட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள். இந்த முறை அப்படி இருக்க முடியாது. இவனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

இடப்பக்கக் கரையில் மரமொன்று விழுந்து, கிளைகள் தண்ணீருக்குள் கிடந்தன. அதன் ஓரத்தில் பொடிமீன்கள் ஒரு பிடி அரிசியை எறிந்ததுபோல் மேலே சிதறின. கீழே பெரியது நின்று துரத்துகிறது.

ஐயோ, அங்கே போடேன்!

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜாக்கெட் பைக்குள் விரல்கள் சும்மா இருக்கமாட்டேன் என்றன.

காற்று அவள் பக்கம் நின்றது. மிதவையை மெல்ல மெல்ல மரத்தடிக்கே தள்ளிக்கொண்டு போனது. மிதவை ஒருமுறை நடுங்கியது. மறுமுறை முழுதாக அமிழ்ந்தது. இழு, இழு என்று அவளுக்கு நெஞ்சு அடித்தது. அவன் பிந்தித்தான் இழுத்தான்.

பச்சை உடம்பில் கறுப்புப் பட்டிகளோடு உள்ளங்கை அளவு மீன் ஒன்று வந்தது. முதுகு முள் முழுக்கச் சிலிர்த்து நின்றது.

"இஞ்ச பிடிச்சதைத் திருப்பி விட்டிட வேணும். ஆனா கொக்கி உள்ளுக்குப் போயிட்டுதே," என்றான். மீனைப் புல்லில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினான். தேடினான், தேடினான். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

கையைத் தண்ணீரில் நனைத்தாள். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முள்ளைப் படுக்கவைத்தாள். தூண்டில் நரம்பான தங்கூசியைப் பல்லால் கடித்து அறுத்தாள். செவுள் பக்கமாக விரலை விட்டு ஒரு திருப்புத் திருப்பியதும் கொக்கி வெளியே வந்தது. மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது துடிக்கத் தொடங்கியதும் விட்டாள்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பெட்டியை மூடிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்தத் திணைக்கள உத்தியோகத்தரின் மகள் தங்கூசியைப் பல்லால் கடிப்பாள்? எல்லாம் போச்சு. இனிப் போன் வராது.

முதலில் தன்மேல் கோபம் வந்தது. பிறகு அம்மாமேல். கடைசியில் அப்பாவை நினைக்க அழுகை வந்தது. அந்த மனிதரை ஏன் ஒளிக்கவேண்டும்?

"எங்கட அப்பா கடலுக்குப் போனவர். திணைக்களம் ஒண்டும் இல்லை," என்றாள். "விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ."

கிருசாந்தன் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து, ஒரு கால் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினான். உள்ளே தண்ணீர் போய்விட்டதாக்கும் என்று நினைத்தாள்.

அவன் அறுந்த தங்கூசியைக் கால் பெருவிரலில் கொளுவி விறைப்பாக இழுத்தான். புதுக் கொக்கியைக் கோத்தான், சுற்றினான், எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினான், மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினான். அவ்வளவு நேரமும் அவன் கண் கையில் இல்லை. விழுந்த மரத்தில் இருந்தது.

ஒற்றைக் காலில் சப்பாத்தோடு எழுந்து நின்று, கையைப் பக்கவாட்டில் ஒரு சுண்டுச் சுண்டினான். கொக்கி கிளைகளுக்கு அடியில் சத்தமே இல்லாமல் போய் இறங்கியது.

"யூடியூப் எண்டு சொல்லச்சொல்லி எனக்கும் அம்மாதான் சொல்லித் தந்தவ," என்றான்.