மூன்று முறை வந்த மகன்

"டிக்கெட் செலவை ரெண்டு சர்க்காரும் பாதிப் பாதி தரணும்மா. அது தீர்ந்தாத்தான் வர முடியும்."

நம் அரசு வேலையிலிருந்து வெளிநாட்டு அரசிடம் சில வருட அயல்பணிக்குப் போன மாதவராஜ் நான்கு வருடமாகப் போனில் இதையேதான் சொன்னான். காரிமங்கலத்தில் அம்மா செல்லம்மாள் தனியாகக் காத்திருந்தாள்.

ஒரு நாள் அவனுடைய சொந்த ஊர் முகவரிக்கு அரசுக் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு சசிகலா வாசித்தாள்.

"ரெண்டு சர்க்காரும் காசு குடுத்து முடிச்சிட்டாங்களாம் ஆத்தா."

"அப்போ சந்தையில நாட்டுக்கோழி சொல்லி வெக்கணும்! எப்போ வர்றானாம்?"

சசிகலா தயங்கினாள். "இனி வர்றதுக்கில்ல, ஏற்கெனவே வந்துட்டுப் போன செலவுங்க ஆத்தா. உங்களப் பாக்க மூணு தடவை வூட்டுக்கு வந்ததா எழுதிக் குடுத்திருக்காருங்க."

செல்லம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் எங்கூட இருந்தானாம்? பாத்துச் சொல்லு கண்ணு."