நூலின்மேல் ஒரு விரல்

பிளஸ் ஒன் வகுப்பில் ரெஜினாளுக்கு மட்டும் கண் தெரியாது. "படம் பார்க்காம பிசிக்ஸ் எப்படிம்மா படிப்ப? திங்கக்கிழமையில இருந்து வரலாறு குரூப்புக்குப் போயிரு," என்று தவமணி டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். 

அன்று ஆய்வகத்தில் மேசைமேல் ஒரு மரக்கட்டை இருந்தது. அதில் கட்டிய நூல், விளிம்பிலிருந்த கப்பியைத் தாண்டி, கீழே ஓர் அரைக்கிலோ எடைக்கல்லைத் தாங்கியது. கட்டை ஓடும்போது நூலில் இழுவிசை எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். கல்லின் எடைதான், ஐந்து நியூட்டன் என்று எல்லோரும் எழுதினார்கள்.

ரெஜினாள் நூலின்மேல் ஒரு விரலை வைத்தாள். பக்கத்தில் கட்டையைப் பிடித்திருந்த தோழியிடம், "முத்தரசி, இப்ப விடு," என்றாள்.

கட்டை மேசையை உரசிக்கொண்டு ஓடியது.

"டீச்சர், ஓடுறப்ப நூல் தளருது. அஞ்சு இருக்காது."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் நூலின் நடுவே ஒரு வில் தராசைக் கட்டி, மறுபடி விடச் சொன்னார். ஐந்தில் நின்ற முள், கட்டை நகர்ந்ததும் நான்குக்கு இறங்கியது. இருபது வருடமாக அதைக் கணக்குப் போட்டே சொல்லிவந்தவர் அவர். ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

"ஏன் குறையுது, சொல்லு?"

"கல்லு வேகமெடுக்கவே அதோட எடையில கொஞ்சம் போயிருது டீச்சர். மிச்சம்தான் நூலுக்கு. அதுலயும் ஒரு பங்கை உராய்வு தின்னுட்டு, மீதிதான் கட்டைய ஓட்டுது."

டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார்.

"மெதுவாச் சொல்லு ரெஜினா. நான் எழுதுறேன்."