இரண்டாவது பாடம்

“சரித்திரம் பிடிக்குது, படி. வேண்டாங்கல. கூடவே எதுக்கு நாடகம்?” ஃப்ரெஸ்னோ வெயிலில் காரில் பெட்டிகளை அடுக்கியபடியே பொரிந்து தள்ளினாள் ஜோலீன். “போன நாடகத்துல பொணமா படுத்திருக்கும்போதே தும்மின ஆள் நீ!”

வெண்டெலுக்குச் சிரிப்பு வந்தது. “அந்தத் தும்மலுக்குத்தான் கைதட்டலே.”

“சிரி, சிரி. யுனிவர்சிட்டியில ரெண்டு மெயின் பாடம்னா தூக்கமே இருக்காது. நேரத்துக்குச் சாப்பிடவாவது செய்.”

“சரி. போற வழியில காலேஜ்ல ஒரு நிமிஷம் நிறுத்து.”

அந்த கம்யூனிட்டி காலேஜில், மேடைக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர். இரண்டு வருடம் அங்கே நாடகம் படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்கள், கிளம்புமுன் அதில் தங்கள் பெயரை எழுதுவது வழக்கம். வெண்டெலின் பிரஷ் சுவரெல்லாம் தேடி, மங்கிப்போன ஒரு பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஜோலீன் எட்டிப் பார்த்தாள். ‘லொரெட்டா, 1979.’

“இது அம்மா பேராச்சே! அம்மா எந்த யுனிவர்சிட்டிக்கும் போகலியேப்பா?”

“இடம் கிடைச்சுது. சந்தோஷத்துல பேரையும் எழுதிட்டா. அந்த மாசம்தான் நீ வயித்துல வந்தே.” நரைத்த மீசையில் தெறித்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டார் வெண்டெல். “அதுக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. ஆனா சாகறவரைக்கும் இந்தப் பக்கம் வரவே மாட்டேன்னுட்டா.”

ஜோலீன் அந்தப் பெயரையே தடவிக்கொண்டு நின்றாள்.

“சரித்திரம் எனக்கு, கண்ணு. நாடகம் உங்கம்மாவுக்கு. பேரை எழுதிட்டா, யாராவது போய்ப் படிக்கணும்ல?”