நடு ஹோலில் ஒரு கட்டில்

வீட்டை விற்கப் போகிறவர்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஆள் வரும் நேரத்தில் பின் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார்கள். அனுஷியா தன் மாமனாரைப் பின் அறையிலிருந்து நடு ஹோலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

புரோக்கர் றினோசுக்கு வயிறு எரிந்தது.

இரத்தோட்டை ரோட்டிலிருக்கும் அந்த வீட்டை ஒரு முழு நாள் செலவழித்து அவர்தான் ஒழுங்குபடுத்தியிருந்தார். புதுச் சாமான் எதுவும் வாங்கவில்லை. வந்தவர்கள் உட்காரும் மெத்தைச் செட்டியை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஹோலை அடைத்துக்கொண்டு நின்ற அலுமாரியை அறைக்குள் தள்ளினார். பெட்டிக்குள் மடித்துக் கிடந்த கல்யாணத்து விரிப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் போட்டார்.

"ஈக்கிற சாமான வச்சே வீட்ட புதுசு மாதிரி காட்டலாம், தங்கச்சி. மாமாவ மட்டும் பின்னுக்கு ரூம்ல வச்சு கதவ சாத்திருங்க. நோயாளிய கண்டா வாங்க வாற ஆக்களுக்கு மனசு ஒடஞ்சிரும்."

படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். அனுஷியாவும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஓர் ஆசிரியரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தால், நடு ஹோலில் கட்டில். கட்டிலில் மாமனார் பழனிமுத்து. பக்கவாதம் வந்து ஏழு வருஷமாக அவருக்குப் பேச்சுமில்லை, நடையுமில்லை. பக்கத்துக் கதிரையில் மருந்துப் போத்தல்கள், கீழே மூத்திரச் சட்டி. செட்டி மூலைக்குப் போயிருந்தது.

ஒரு காலத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு தபால் கந்தோர் வேலைக்குப் போய் வந்த மனுசன். அந்நிய முகங்களைக் கண்டதும், அசைகிற ஒரு கையால் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

ஆசிரியரின் மனைவி தயங்கித் தயங்கி அவருக்கு என்ன வருத்தம், எத்தனை நாளாகப் படுக்கை என்று விசாரித்தார். அனுஷியா ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அதோடு விட்டாளா? மாமியும் இதே ஹோலில் விழுந்துதான் செத்தாங்க என்று, யாரும் கேட்காத கதையையும் எடுத்துவிட்டாள். வந்தவர்கள் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்து, பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு தேடி வில்கமுவையிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு அதே கதையைச் சிங்களத்தில் சொன்னாள். அவரும் ஹோலைத் தாண்டவில்லை.

இப்படியே மூன்று மாதத்தில் ஐந்து பேர் வந்து திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் றினோஸ் கட்டிலை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் அது வெளியே வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு மாரியாயிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நேரில் வந்தே கேட்டுவிட்டாள்.

"உசுரோட இருக்கிற மனுசன எழவு வீட்டுல மாதிரி நடு ஹோல்ல கெடத்தி வச்சிருக்கியே புள்ள, ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அவரு மொகத்த மூடிக்கிறது ஒன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க அக்கா" என்றாள் அனுஷியா. மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

சரியான அழுத்தக்காரி என்று மாரியாயி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நோயாளியைக் காட்டி விலையை ஏற்றப் பார்க்கிறாள் என்று வேறு சிலர் பேசினார்கள். ஊர் வாய்க்குக் கதவா இருக்கிறது?

கடைசியில் றினோஸ் கட்டிலைப் படம் எடுத்து, டுபாயில் இருக்கும் அவள் புருசன் யோகராஜுக்கு அனுப்பினார். வீடு அவன் பெயரில் இருந்தது. அதை விற்று வத்தளையில் ஒரு ஃபிளாட் வாங்குவது அவன் திட்டம்.

அன்றே அவன் போனில் மனைவியைப் பிடித்துக்கொண்டான். சத்தம் வாசலில் நின்ற றினோசுக்கும் கேட்டது.

"எங்கப்பாவ ஊருக்கு வேடிக்கை காட்டுறியா? அவரோட மானம் மரியாதை என்னாகிறது?"

நல்ல மகன் என்று றினோஸ் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஆறாவதாக வந்தவர் கராம்பு, மிளகு வியாபாரி ஷிஃபான். அவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. காணியை நாலு பக்கமும் அளந்தார். லொறி திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்தார். அனுஷியா வாசலுக்கு ஓடிவந்து, உள்ளே வந்து பாருங்க, மாமா படுத்திருக்கிறார், அவரையும் பாருங்க என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டாள்.

"பாத்து என்ன செய்ய, தங்கச்சி? வீட்ட ஒடச்சிட்டு ஸ்டோர் ஒண்டுதான் போடப் போறேன்."

கேட்ட விலைக்கே சம்மதித்துவிட்டுப் போனார் அவர். அனுஷியா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

கேட்ட விலை கிடைத்தும் இவளுக்கு என்ன குறை என்று அலுத்துக்கொண்டே, றினோஸ் யோகராஜுக்குப் போன் போட்டார்.

"அப்பாடா" என்றான் அவன். "றினோஸ் நானா, அப்படியே இன்னொரு உதவி. வாற திங்கக்கிழமை ஒரு வேன் புடிச்சு, அப்பாவ கண்டியில இருக்கிற முதியோர் இல்லத்துல விட்டுருங்க. வீடு பேசி முடிஞ்ச கெழமையே கொண்டாந்து விடுறதா மூணு மாசத்துக்கு முந்தியே எழுதிக் குடுத்துட்டேன். ஃபிளாட்ல அவர வச்சுப் பாக்க ஏலாது. வீடு விக்கிற வரைக்கும்தான் அவரு அங்கன்னு அனுஷியாகிட்டயும் அப்பவே சொல்லிட்டேன்."

றினோஸ் போனைக் கையில் பிடித்தபடி உள்ளே பார்த்தார். அனுஷியா எழுந்துபோய்க் கட்டிலைப் பின் அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் கட்டில் காலின் சில்லு ஒன்று உருளாமல் சிக்கிக்கொண்டது.

"ஒரு கை புடிங்க நானா" என்றாள், மாமனாருக்குக் கேட்காத குரலில். "மாமாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. இந்த ஒரு கெழமையாவது அவரோட ரூம்ல, மொகத்த மூடாம படுத்திருக்கட்டும்."