நூலகத்தின் ஒரே வாசகி

“டீச்சர், ரெண்டாம் பாகத்த யாருக்கும் குடுத்துராதீங்க. சாயங்காலம் வாரேன்” என்று சொல்லிவிட்டு ஹம்னா வகுப்புக்கு ஓடினாள். பள்ளி நூலகத்தைக் கவனிக்கும் பவுசியா, சிரித்தபடி அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதினாள்.

பின்னொரு நாள், நூலக அறையைப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கப் புதுக்கோட்டையிலிருந்து அதிகாரி வந்தார்.

“இப்ப எந்தப் புள்ளம்மா வாசிக்குது? எல்லாம் போன்தான். ரூமைக் குடுத்துருங்க.”

பேசிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

“ஹம்னான்னு ஒரு புள்ள மட்டும் வாரம் தவறாம எடுத்திருக்கே. இந்த ஒருத்திக்காகவே நூலகம் இருக்கலாம். கூப்பிடுங்க, பாப்போம்.”

“வர மாட்டா சார்.”

“லீவா?”

“ரெண்டு வருசத்துக்கு முந்தி காய்ச்சல்ல மௌத்தாயிட்டா. என் மகதான். உசுரோட இருந்தப்ப ஸ்கூல்ல என்னையும் டீச்சர்னுதான் கூப்பிடுவா. அவ பேருல நாந்தான் எடுத்துட்டுப் போயி, அவ கட்டில்கிட்ட உக்காந்து வாசிக்கிறேன்.”

அதிகாரி பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு தன் அறிக்கையில், ‘ஒருவர் தொடர்ந்து வாசிக்கிறார். நூலகம் இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். பதிவேட்டில் ஹம்னா இன்னும் ஒன்பதாம் வகுப்புதான்.